கைவட்டம் பிறந்த வீடு

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை, கொழும்பில் படிக்கிறவள், மணப்பெண்ணின் இடக்கையைக் காட்டி எனக்கு விளக்கம் சொன்னாள். புறங்கையில் மருதோன்றியால் போடும் அந்த ஒற்றை வட்டம் அரபு நாட்டிலிருந்து வந்ததாம். இடக்கையில் மட்டும் போடுவது ஏனென்றால் இதயம் அந்தப் பக்கம் இருக்கிறதாம். வட்டம் வெளிறிச் செம்மஞ்சளாக எடுத்தால் மாமியார் தங்கமாக வைத்திருப்பாளாம். வாயில் மஸ்கத் அல்வா இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு எந்த வளமைக்கும் அடி எங்கே என்று தோண்டிப் பார்க்கிற புத்தி. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது ஏன், பெண்டுகள் குரவை போடுவது ஏன், முதல்நாள் பெண்டுகள் மட்டும் கூடும் மருதோன்றிக் கூட்டத்தில் மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டு வாய் பேசாமல் இருப்பது ஏன் என்றெல்லாம் கேட்டு நான் வாங்கிக் கட்டியிருக்கிறேன். "அது வளமை" என்பதற்கு மேல் எவரும் பதில் சொன்னதில்லை. ஆனால் கைவட்டத்தின் அடி எனக்குத் தெரியும். அது பிறந்த வீடு தெரியும். அரைத்த அம்மி தெரியும். ஏனென்றால் அந்த அம்மியில் அரைத்தவர்களில் நானும் ஒருத்தி.

எழுபதுகளின் கடைசி. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை சும்மா இருந்த காலம். உம்மாவின் தங்கை, என் சாச்சியின் மூத்த மகளுக்கு, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவளுக்கு, பாலமுனைப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தது. வயல் வட்டை உள்ள போடியார் குடும்பம். சாச்சிக்கு ராத்தாவின் கீழே இன்னும் இரண்டு குமர்கள், கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள். சாச்சா மவுத்தாகி, கடற்கரைப் பாதையில் அவர் தொடங்கிவைத்த வீட்டைச் சாச்சி கல்லுக் கல்லாகக் கட்டி முடித்து, மூத்தவளுக்குக் கொடுக்க வைத்திருந்தாள்.

ராத்தாவின் இடப்புறங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, ரூபாய் நாணயக் குத்தி அளவில் ஒரு வெள்ளை. பள்ளிக்கூடத்தில் ஏழாம் எட்டாம் வகுப்பில் வந்தது. கல்முனை ஆசுபத்திரியில் காட்டியதற்கு, தோலின் நிறம் போனது, தொட்டால் ஒட்டாது, வலிக்காது, விட்டுவிடுங்கள் என்றார்கள். ஊர் வாயில் அதற்குப் பெயர் குட்டம், தொழுநோய். அதனால் வீட்டில் அந்தச் சொல்லையும் சொல்வதில்லை, வேறு சொல்லும் சொல்வதில்லை. பெண் பார்க்க வந்த நாளில் வெற்றிலை வட்டாவை அவள் இரண்டு கையாலும் அடியில் பிடித்துக் கொண்டுவந்தாள். முந்தானை கையை மூடியிருந்தது. பாலமுனைப் பெண்டுகள் "அடக்கமான புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மருதோன்றிக் கூட்டத்தில் முந்தானைக்கு வேலையில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்டுகள் தட்டங்களோடு வந்து, மணப்பெண்ணின் கையை மடியில் எடுத்துவைத்து, மருதோன்றி எப்படி எடுத்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். காவின், கலியாணப் பதிவு, எழுதுவதற்கு முன்னால் அந்த வெள்ளையை அவர்கள் கண்டால் கலியாணம் போகும். அந்தப் பேச்சோடு பின்னால் நிற்கிற இரண்டு குமர்களும் நிரந்தரமாக வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

சாச்சி தன் மூளையால் ஒரு வழி கண்டாள். அந்தக் காலத்தில் மருதோன்றி விரல் நுனிக்குத் தொப்பி மாதிரியும் உள்ளங்கைக்கு ஒரு உருண்டையும்தான். புறங்கையில் யாரும் வைப்பதில்லை. சாச்சி கூட்டத்துக்கு முதல்நாள் மாலை வெள்ளையின் மேலேயே ஒரு பிடி அப்பி, இலை வைத்துக் கட்டிவிட்டாள்.

காலையில் கிணற்றடியில் கையைக் கழுவினோம். கழுவின தண்ணீர் போக, சாச்சி அப்படியே வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எங்களைப் போன்ற மாநிறத் தோலில் மருதோன்றி கறுத்துச் சிவக்கும். நிறமே இல்லாத இடத்தில் எப்படி எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது, யாரும் வைத்துப் பார்த்ததில்லை. அது செவ்விளநீர்க் காய் நிறத்தில் எடுத்திருந்தது. நேற்றுவரை தேடினால்தான் தெரிந்த வெள்ளை, இன்றைக்கு வாசலில் நிற்கிறவனுக்கும் தெரிந்தது.

பெரியம்மா வந்தாள். உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்தவள். அவளுடைய வாய்க்குப் பயந்து மீன்காரன் எங்கள் ஒழுங்கைக்குள் சத்தம் போடமாட்டான். ராத்தாவின் கையைத் தூக்கி வெயிலில் பிடித்தாள்.

"நல்லாத்தான் மறைச்சிருக்காய். விளக்கப் பத்த வெச்சி மேசையில வெச்ச மாதிரி."

"ராத்தா, நான் என்னத்தக் கண்டன்," என்றாள் சாச்சி தன் மூத்தவளிடம்.

"நீ எதக் கண்டாய், இதக் காண. சவுக்காரம் போட்டுத் தேச்சிப் பாத்தயா?"

தேய்த்தோம். தேங்காய் மட்டையால் தேய்த்தோம். தேசிக்காயால் தேய்த்தோம். சாம்பலால் தேய்த்ததில் தோல் கன்றி, அந்தச் செம்மஞ்சள் இன்னும் பளிச்சென்றது. மருதோன்றி தேய்த்தால் போகிற சாமான் இல்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆனாலும் தேய்த்தோம். ராத்தா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அது தன்னுடைய கை இல்லை என்பது போல.

கடைசியில் அவள் மெதுவாகச் சொன்னாள். "சொல்லிப் போடுவமே உம்மா."

தேய்த்துக்கொண்டிருந்த சாச்சி மட்டையைக் கீழே போட்டாள்.

"என்னத்த?" என்றாள் பெரியம்மா.

"இரிக்கிறத. டாக்குத்தர் சொன்னதயும் சொல்லுவம்."

"டாக்குத்தர் வந்து உன்னக் கட்டுவாரா? சொன்னா அவங்கட உழவு டெக்டர் படலையடியிலயே கிறுகிப் போயிரும். மறுகா இந்த ரெண்டு பேரயும் என்ன செய்யிற? கடல்ல போடுறதா?" பெரியம்மா தங்கைமார் இருவரையும் பார்த்தாள். சின்னவளுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. அவள் பயத்தில் ராத்தாவை முறைத்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ராத்தாவும் அதைக் கண்டாள். சொல்லுவோம் என்ற பேச்சை அத்தோடு விட்டாள்.

பெரியம்மாவின் மூளை வாயைவிட வேகம். "ஒருத்திர கையில இருந்தா அது நோய். எல்லார்ர கையிலயும் இருந்தா அது வளமை," என்றாள். ஒழுங்கையில் உள்ள குமர்களை எல்லாம் கூப்பிடச் சொன்னாள்.

நான்தான் ஓடினேன். ஒரு வளமை என் கண்முன்னே பிறக்கப்போகிறது என்றால் நான் நடப்பேனா. சொந்தக்காரப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பள்ளித் தோழிகள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு வந்தேன். வேலியில் இருந்த மருதோன்றிச் செடி மொட்டையானது. அம்மியில் அரைத்து, கிராம்பும் தேத்தண்ணிச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, எல்லாருடைய இடப்புறங்கையிலும் மோதிர விரலுக்குக் கீழே ரூபாய்க் குத்தி அளவில் ஒரு வட்டம். ஏன் வலக்கைக்கும் வைக்கவில்லை என்றால், ராத்தாவின் வலக்கை நல்ல கை. அதில் வைத்தால் கறுப்பாக எடுக்கும், இரண்டும் இரண்டு நிறமாகிவிடும். கொழும்புப் பிள்ளை சொல்கிற இதயம் அவ்வளவுதான்.

என்ன காரியம் என்று வந்தவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் பெண்டுகள் கூடிய இடத்தில் எது மறையும். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்ததை எவளும் மற்றவளுக்குச் சொல்லவுமில்லை. வட்டம் வைத்த கையைக் காய விட்டுக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். மணப்பெண் தலை குனிந்து நடுவில் இருக்க, அவள் காதுபடவே பேச்சு நடந்தது.

"இது நமக்கு ஒட்டாதே?"

"மருதோண்டியா?"

"மருதோண்டி இல்லடி."

அடக்கிய சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. ஒருத்தி தன் வட்டத்தை உடனே கழுவிவிட்டு, அரிக்கிறது என்றாள். பெரியம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து மறுபடியும் அப்பினாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டு டெக்டர் வந்தது. பெட்டியின் மேல் படங்கு கட்டி, சுற்றிவரப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு, உள்ளே நெருக்கிக்கொண்டு பாலமுனைப் பெண்டுகள். இறங்க முன்னரே குரவை. தட்டங்களில் சேலை, பவுடர், வாசனைச் சவுக்காரம், தொதல், ஒரு வாழைக்குலை. படலையடியில் மறித்து நின்று பெரியம்மா கவி எடுத்தாள்.

"பாலமுனைப் பொண்டுகளே பாதையில என்ன சத்தம்,
டெக்டர்ர சத்தமா உங்கட வாய்ச் சத்தமா?"

மாப்பிள்ளையின் மூத்த சகோதரி, ராத்தாவுக்கு மதினி முறை, தட்டத்தைத் தலையில் வைத்தபடியே திருப்பிக் கொடுத்தாள்.

"டெக்டர் நிண்டு போகும் எங்கட வாய் நிக்காது,
வாற மருமகளே காதப் பொத்திப் பழகிக்கோ."

சிரித்தோம். மறைக்க ஒன்றுமில்லாத கூட்டங்களில் இந்தக் கவிச் சண்டைதான் முழு இன்பமும். அன்றைக்கு எங்கள் பக்கத்துச் சிரிப்பு ஒரு மாத்திரை கூடுதலாக இருந்தது.

உள்ளே வந்து பாயில் இருந்ததும் மதினியின் கண் எங்கள் கைகளில் விழுந்தது. ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள்.

"இது என்ன புது வளமை?"

"புதுசா? அரபு நாட்டு வளமை," என்றாள் பெரியம்மா, வெற்றிலை மடித்துக்கொண்டு. "உங்கட பக்கம் இன்னும் வரல்லயா? இவள் படிச்ச புள்ள, கிதாபுல பாத்திருக்காள். கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். இத்தனை வருடமாகக் கரைநெடுகப் பேசப்படுகிற அரபு நாடு அந்தத் தலையாட்டலில் இருந்து வந்தது.

மதினி விளையாட்டுக்காரி. படித்தவர்களிடம் தோற்க மனமில்லை. "அப்ப நாங்களும் ஒண்டு வெப்பம். ஒரு விரிப்பக் கட்டுங்க. எல்லாரும் அதுக்குள்ளால கைய மட்டும் நீட்டட்டும். எங்கட பொண்ணு ஆரெண்டு நான் கையப் பாத்துச் சொல்லுறன்," என்றாள்.

மறுக்க முடியாது. டெக்டரில் தொங்கிய ஒரு விரிப்பையே கொண்டுவந்து கட்டினார்கள். பின்னால் நாங்கள் ராத்தாவை நடுவில் வைத்துக்கொண்டு முழங்காலில் இருந்து கைகளை அடியால் நீட்டினோம். விரிப்புக்கு அந்தப் பக்கம் மதினியின் குரல் கை கையாக நகர்ந்து வந்தது.

"இது மாவரைக்கிற கை. இது வேலைக்கு ஆகாத கை. இது நகம் கடிக்கிற கை, இவளக் கட்டுறவன் பாவம்."

சிரிப்பு. எங்கள் வட்டங்கள் எல்லாம் புளியங்கொட்டை நிறம். ராத்தாவின் கைக்கு வந்தபோது குரல் நின்றது.

"உம்மா, இஞ்ச வாங்க. என்ன நிறம் இது. இதுதான் எங்கட பொண்ணு."

"பொண்ணுக்கு மட்டும் புளி கூடப் போடுற," என்று பெரியம்மா அவசரமாகச் சொன்னது கேட்டது. குரவை எழும்பியது. தப்பிவிட்டோம் என்று சாச்சி விரிப்புக்குப் பின்னால் வந்து என் முதுகைப் பிடித்தாள்.

பிறகு மாப்பிள்ளையின் உம்மா வந்து உட்காருகிற சத்தம். மெலிந்த மனுசி, அதுவரை ஒரு சொல்லும் பேசாதவள். காப்பு போட வேண்டியவள் அவள்தான். ராத்தாவின் கையை எடுத்து மடியில் வைத்தாள். நான் ராத்தாவை ஒட்டி இருந்ததால் விரிப்பின் ஓரத்தால் பார்த்தேன். அந்த மனுசி பெருவிரலை நாக்கில் தொட்டு, வட்டத்தின் மேல் வைத்து, மெதுவாக ஒரு தேய் தேய்த்தாள். ஒன்றும் போகவில்லை. பிறகு மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிரித்தாள். விரல் இடுக்கில், மருதோன்றி போகாத இடத்தில், நூல் மாதிரி வெள்ளை.

குரவை இன்னும் நிற்கவில்லை.

அவள் குனிந்து, விரிப்புக்கு வாயை வைத்து, ராத்தாவுக்கும் ஒட்டியிருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி கேட்டாள். "எத்தின வருசமா?"

வாய் திறக்கக்கூடாத மணப்பெண் சொன்னாள். "கன வருசம்."

"ம்," என்றாள் மாமியார். காப்பைப் போட்டாள். விரல்களை ஒன்று சேர்த்து வைத்தாள். தொதல் நன்றாக இருக்கிறதா என்று மற்றவர்களைக் கேட்டாள்.

அடுத்த நாள் காவின் எழுதிக் கலியாணம் நடந்தது. மருதோன்றி வெளிறத் தொடங்கியதும் ராத்தாவின் மாப்பிள்ளை, எனக்கு மச்சான், அவரும் கண்டார். "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அத்தோடு கதை முடிந்தது என்று நாங்கள் நினைத்த கிழமை, மாமியார் ஒரு தகரப் பெட்டியும் பாயுமாக டெக்டரில் வந்து இறங்கினாள். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவதுதான் எங்கள் வளமை, மாப்பிள்ளையின் உம்மா வருவது இல்லை. சாச்சி கதவடியில் நின்றாள்.

"மருமகள்ர கைக்கு ஒரு காவல் வேணுமே," என்றாள் மாமியார். முன்னறையில் பெட்டியை வைத்தாள். சாச்சியின் பாய் குசினிப் பக்கத்துச் சாய்ப்புக்குப் போனது.

அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஏசவில்லை, அடிக்கவில்லை. ராத்தா எதையாவது மறுத்துப் பேசினால், வந்த சனங்களுக்கு முன்னால், பெருவிரலை நாக்கில் தொடுவாள். அவ்வளவுதான். கணக்குப் பார்ப்பதற்குத் தாளைப் புரட்டப் போகிறவள் மாதிரி இருக்கும். ராத்தா அந்த இடத்திலேயே வாயை மூடிவிடுவாள். தன் உம்மாவுக்கு முன்னறையைக் கொடுங்கள் என்று ஒரு தடவை கேட்டாள். விரல் நாக்குக்குப் போனது. பிள்ளைக்குத் தன் வாப்பாவின் பெயரை வைக்க விரும்பினாள். விரல் நாக்குக்குப் போனது. கைவட்டம் வெளிற வெளிற ராத்தா புதிதாக வைத்துக்கொண்டே இருந்தாள். வெள்ளை வளர வளர வட்டமும் வளர்ந்தது.

இதற்கிடையில் ஊர் அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த மதினியே பாலமுனையில் தன் மகளுக்கு வைத்தாள், விரிப்பு விளையாட்டோடு. பிறகு அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது என்று வந்தது. செம்மஞ்சள் நிறம் எடுக்கவேண்டும் என்று பெண்கள் புறங்கையை இரண்டு நாள் சுண்ணாம்பில் வேகவைத்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். எடுக்காதவளை மாமியார் வீட்டார் பழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

நடுத்தங்கைக்குக் கலியாணம் முடிந்தது. சின்னவளுக்கு முடிவதற்குள் நாட்டில் சண்டை மூண்டு ஊரடங்குச் சட்டங்கள் வந்துவிட்டன. அவளுடைய மருதோன்றிக் கூட்டத்தைக் காலையில் வைத்து, பகல் சோற்றோடு கலைந்தார்கள். கிணற்றடியில் ராத்தாவை முறைத்த அந்தப் பிள்ளை, இடக்கையில் வட்டத்தோடு, கண்ணை மூடிக்கொண்டு பாயில் இருந்தாள். ராத்தா குசினியை விட்டு வரவில்லை.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு ராத்தா மருதோன்றி வைப்பதை நிறுத்தினாள். மாதம் ஒன்று போயிருக்கும். மாமியாரின் ஊர்ப் பெண்டுகள் வந்து முன்னறையில் இருந்தார்கள், நானும் போயிருந்தேன். ராத்தா முக்காட்டுக்குள் கையை வைத்தபடி தேத்தண்ணி வைத்துவிட்டு, "மாமி, இனி உம்மா இந்த அறைக்கு வரட்டும். அவவுக்கு இருமல்," என்றாள்.

விரல் நாக்குக்குப் போனது.

ராத்தா முக்காட்டை விலக்கி, கையை மாமியாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெள்ளை மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. "தேயுங்க மாமி. நல்லாத் தேயுங்க. வந்தவங்களும் பாக்கட்டும்."

மாமியாரின் ஈரமான பெருவிரல் அந்தரத்தில் நின்றது. வந்த பெண்டுகளில் ஒருத்தி தேத்தண்ணிக் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தாள்.

அடுத்த நாளே தகரப் பெட்டி கட்டப்பட்டது. மச்சான் தன் உம்மாவின் பெட்டியை டெக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து சோறு கேட்டார். மாமியார் போகிற வழியில் எந்த வீட்டையும் விடவில்லை. எல்லா வருடங்களும் அடைத்துவைத்ததை ஒரு நாளில் சொல்லி முடித்தாள். சின்னவளின் புருசன் வீட்டார் அவளுடைய உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவள் இன்றுவரை ராத்தாவோடு கதைப்பதில்லை.

நான் முதலில் சொன்ன, போன மாதக் கலியாண வீட்டுக்கு வருகிறேன். மணப்பெண் எங்கள் பெரியம்மாவின் பேத்தி. முதல்நாள் மருதோன்றிக் கூட்டம். குமர்கள் எல்லாரும் இடக்கையில் வட்டம் வைத்து வரிசையாக இருக்க, கொழும்புப் பிள்ளை எனக்கு அரபு நாட்டை விளக்கிக்கொண்டிருந்தாள். அப்போது ராத்தா எழும்பி, மணப்பெண்ணுக்கு ஒரு துளி வைப்போம் என்று மருதோன்றிக் கோப்பைக்குக் கை நீட்டினாள்.

பெரியம்மா கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். கிழடாகிவிட்டாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது. "நீ தொடாத புள்ள. மாப்புள வீட்டு ஆக்கள் இரிக்காங்க. கரச்சல் வேணா."

ராத்தா நீட்டிய கையைத் திரும்ப எடுக்கவில்லை. வரிசையாக இருந்த கைகளைப் பார்த்தாள். ஒன்றில் இருந்து மற்றதுக்கு, மதினி போன மாதிரி, ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"நான் தொடல்ல பெரியம்மா," என்றாள். "எல்லாரும் எண்ட கையத்தானே வெச்சிக்கிட்டு இரிக்காங்க."

கொழும்புப் பிள்ளை என்னைப் பார்த்தாள், என்ன சொல்கிறாள் என்று. மணப்பெண்ணுக்கு விளங்கிவிட்டது. ஊரில் வளர்ந்தவள் அல்லவா. மூடிய கண்ணைத் திறந்து, தன் இடக்கையைச் சேலைக்குள் இழுத்து, பெண்டுகள் குரவை போடத் தொடங்கும்வரை வெளியில் எடுக்காமல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.